இரவல் அலுமாரி

மக்டலீனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். குருநகரில் பெண்கள் சண்டை பிடித்தால் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது சண்டையே இல்லை. இவள் மட்டும் பூசை நேரத்தில் பக்கத்து வாங்கில் இருப்பவளிடம் கதைப்பது போலக் கதைப்பாள். மீனவர் சங்கத்துக்கு மண்ணெண்ணெய்ப் பங்கு குறைந்துவிட்டதென்று சத்தம் போட வருகிறவர்கள், அவள் சொல்வதைக் கேட்க மேசைமேல் குனிவார்கள். குனிந்தபிறகுதான் எங்கே தலையைக் கொடுத்தோமென்று தெரியும். முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் சின்ன உறைப்பு மிளகாயான 'கொச்சிக்காய்' என்று பெயர். முகத்துக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொன்னவர் எவருமில்லை.

தகப்பனுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்ததில்லை. ஆயுள் முழுவதும் மற்றவர்களின் வள்ளத்தில் போய் வந்தவர். ஆனாலும் மகளைக் கன்னியர் மடத்தில் படிக்க வைத்தார், டைப்பிங் பழக்கினார். அந்த டைப்பிங்தான் அவளுக்குச் சங்கத்தில் கிளாக்கர் வேலை வாங்கிக் கொடுத்தது. கலியாணம் இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பியது. முதலாவது மாப்பிள்ளையிடம் கடைசியாக என்ன வாசித்தீர்கள் என்று கேட்டாள். அவன் அதைப் பகிடியென்று நினைத்துச் சிரித்தான். இரண்டாவது மாப்பிள்ளை நல்லவன்தான், வேலையை விடச் சொன்னான். முப்பத்தாறு வயதில் தாயோடு தனியாக இருந்தாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததோ இல்லையோ, கேட்கிற துணிவு ஊரில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அவளுடைய கோபமெல்லாம் கடற்கரை ஒழுங்கை வாசிகசாலையில் வந்து குவிந்தது.

அது ஒரே ஒரு மண்டபம். காலையில் ஆண்கள் வந்து பத்திரிகை வாசிப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரத்து வாசிப்பார். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. மாநகரசபைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆள் இல்லாததால், மக்டலீனைச் செயலாளராக்கினார்கள். ஆக்கியது அவள் தாயின் தமையன் இன்னாசித்தம்பி, வாசிகசாலைத் தலைவர். கடிதம் எழுதத்தானே என்று அவர் நினைத்தார். அவள் உள்ளே வந்து கதிரையில் இருப்பாள் என்று நினைக்கவில்லை.

முன்பெல்லாம் குருநகர்ப் பிள்ளைகள் புத்தகம் எடுக்கப் பட்டணத்துப் பெரிய நூல்நிலையத்துக்கு நடந்து போவார்கள். மக்டலீனும் அப்படிப் போனவள்தான். அது எரிந்தபின் பிள்ளைகளுக்குப் போக இடமில்லை. எண்பத்தேழு ஐப்பசியில் வாசிகசாலைக் கூரையில் ஷெல் விழுந்து, ஒரு பக்கத்து ஓடுகள் முழுவதும் போய்விட்டன. மிஞ்சிய புத்தகங்கள் மாரி மழையில் ஊறிப் பணியாரம்போல் பொங்கின. கடலுக்கும் பாதி நாள் தடை, பள்ளிக்கூடமும் பாதி நாள் பூட்டு. பிள்ளைகள் கரையில் சும்மா நின்றார்கள். சும்மா நிற்கிற பிள்ளைகளை அந்தக் காலத்தில் இயக்கம் கூட்டிப்போகும், அல்லது ஆமி பிடித்துப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். மக்டலீனுக்கு வேண்டியிருந்தது இரண்டுதான்: கூரை, பிள்ளைகளுக்கென்று ஒரு தட்டுப் புத்தகம்.

எண்பத்தெட்டு மாசியில் ஒரு நாள் வாசிகசாலைப் பத்திரிகையில் சதுரமாக ஒரு ஓட்டை இருந்தது. சங்கத்தின் உதைபந்தாட்டக் குழுவில் கோல் காக்கும் சூசைதாசன், தன் படத்தை வெட்டி எடுத்திருந்தான். ஓட்டையின் விளிம்பில் மறுபக்கத்துத் தலைப்பின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது: '...நிலையங்களுக்கு நிதியுதவி.' என்ன நிலையம் என்று தெரியவில்லை. சூசைதாசனின் வீட்டுக்குப் போனாள். அவன் படத்தைப் பசை பூசிச் சுவரில் ஒட்டியிருந்தான்.

"உரிச்சுத் தா," என்றாள்.

"அக்கா, உரிச்சால் என்ரை தலை போயிடும்."

"உன்ரை தலையாலை ஊருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை."

அவன் ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தான். சுவரோடு இறுகிவிட்ட கடதாசி வரவில்லை. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறை வாசிகசாலைக்குப் போய் அதே பத்திரிகையைக் கேட்டாள். வாங்கில் இருந்த கிழவர் ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, வேலை விளம்பரமோ?"

"இல்லை அப்பு, காசு விளம்பரம்."

"எங்கடை பேப்பரிலை காசு கிடந்ததோ? இவ்வளவு நாளும் மரண அறிவித்தலைத்தானே வாசிச்சம்."

எழுதிக்கொண்டு கிளம்பும்போது, "இது எல்லா வாசிகசாலைக்கும்தான். நீங்களும் விண்ணப்பம் போடுங்கோ," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விளம்பரம் இதுதான்: வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று, யாழ்ப்பாணத்தில் அலுவலகம் திறந்து, பாதிக்கப்பட்ட நூல்நிலையங்களைத் திருத்தவும் புத்தகம் வாங்கவும் உதவி கொடுக்கிறது. மாநகரசபைப் பதிவு வேண்டும், மூன்று வருடக் கணக்கு வேண்டும், புத்தகக் கடைகளிடமும் ஓட்டுக் கடையிடமும் விலை எழுதி வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் 'தேவை அறிக்கை' என்று ஒன்று வேண்டும். மற்றவற்றுக்கு அலைச்சல் மட்டும்தான். சங்கம் பூட்டியபிறகு தட்டெழுத்து இயந்திரத்தின் முன் இருந்து தேவை அறிக்கையை அடித்தபோதுதான் அவளுக்குத் தன் விரல்கள் எவ்வளவு கோபமாக இருக்கின்றன என்று தெரிந்தது. சங்கத்துத் தமிழ் இயந்திரத்தில் 'உ'னாவுக்குரிய விசை ஏற்கெனவே நொண்டி. ஆங்கில இயந்திரத்தில் அடித்ததால் அது தப்பியது.

தலைவர் ஒப்பமிட வேண்டும். இன்னாசித்தம்பி வீட்டு முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அறுபத்துநான்கு வயது, காற்றடித்த இரவில் மற்றவர்களின் வள்ளத்தையும் கட்டி இழுத்து வந்தவர் என்று கரையில் மதிப்பு. ஆங்கிலத்தை அவருக்குத் தமிழாக்கிச் சொன்னாள்: கூரை இல்லை. பிள்ளைகள் பழைய வலைமேல் குந்தியிருந்து வாசிக்கிறார்கள். இருக்கிற புத்தகங்களில் பாதிக்கு முதல் பக்கம் இல்லை, மற்றப் பாதிக்குக் கடைசிப் பக்கம் இல்லை. வாங்குவதற்கு ஊரில் வசதியில்லை.

"உது ஆரைப் பற்றி?" என்றார்.

"எங்களைப் பற்றித்தான் மாமா."

"ஊர்ப் பேரையும் போட்டிருக்கிறியோ?"

"வேறை ஊர்ப் பேரைப் போட்டால் காசும் வேறை ஊருக்குத்தான் போகும்."

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். "அடுப்பிலை பூனை படுத்தாலும் நாங்கள் அயலுக்குச் சொன்னதில்லை. நீ வெள்ளைக்காரனுக்கு இங்கிலீசிலை எழுதிப் போடுறாய்."

"பூனை படுத்திருக்கெண்டு சொன்னால்தான் மாமா அரிசி தருவினம்."

"தருவினம். தந்துபோட்டுச் சொல்லியும் காட்டுவினம். உந்தக் கந்தோர் மேசையளிலை இருக்கிற ஆக்கள் எங்களை எப்பிடிப் பாக்கினம் எண்டு உனக்குத் தெரியாதோ? கடல் நாறுது எண்டு மூக்கைப் பொத்தினவங்களிட்டை, புத்தகமும் இல்லையெண்டு நாங்களே போய்ச் சொல்லுறதோ?"

குசினிக்குள் இருந்து அவர் மனைவி கத்தரீனா, "கையெழுத்தைப் போட்டு விடுங்கோவன். அவள் விடமாட்டாள். எனக்கு மீன் வெட்டக் கிடக்கு," என்றாள்.

அவர் ஒப்பமிட்டார். பேனையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்திலேயே விளங்கியிருக்க வேண்டும் என்று மக்டலீன் பின்னால் நினைத்ததுண்டு.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சங்கத்து யன்னலால் பார்த்தபோது, தெருவில் ஒரு கண்ணாடி அலுமாரி போய்க்கொண்டிருந்தது. கைவண்டிலில் நிமிர்ந்து நின்றது. இரண்டு பேர் பக்கத்தில் பிடித்தபடி வர, சூசைதாசன் தள்ளினான். நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் வீட்டு அலுமாரி. ஊரில் கண்ணாடி அலுமாரி அது ஒன்றுதான். அவள் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினாள்.

"எங்கை கொண்டு போறியள்?"

"வாசிகசாலைக்கு அக்கா. உதவி தாற கந்தோர் ஐயா இண்டைக்குப் பாக்க வாறாராம். உங்களுக்குத் தெரியாதோ?"

கடிதம் தலைவர் பெயருக்கு வந்திருந்தது. தலைவர் சொல்லவில்லை.

அவள் போனபோது வாசிகசாலை கலியாண வீடாகியிருந்தது. ஓடு போன பக்கத்தை மறைத்து மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். வாடகைக் கதிரைகள் வரிசையாக இருந்தன. கோயில் பெருநாள் கொடிகள் தொங்கின. கோயிற் பங்குச் சுவாமியாரின் அறைவீட்டிலிருந்து தோல் அட்டை போட்ட தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ஈரத்தில் பொங்கிய பழைய புத்தகங்களைக் காணவில்லை; கத்தரீனா வீட்டு ஆட்டுக் கொட்டிலில் சாக்குக்குள் இருந்தன. வலையையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பிள்ளைகளைக் குளிக்க வார்த்து, எண்ணெய் பூசி, காலுக்குச் சப்பாத்துள்ளவர்களை முன்னுக்கு இருத்தியிருந்தார்கள்.

"மாமா, என்ன இது?"

"வாற மனிசருக்கு மரியாதை," என்றார் இன்னாசித்தம்பி. சலவை வேட்டி, கழுத்தில் பெருநாள் சால்வை. "பெண் பாக்க வந்தாலும் வீட்டைக் கூட்டி மெழுகிறேல்லையோ?"

"உவர் பெண் பாக்க வரேல்லை. ஓட்டையைப் பாக்க வாறார்."

பதில் சொல்ல அவருக்கு நேரமிருக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

சிவசுப்பிரமணியம் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி இந்த நிறுவனத்தில் சேர்ந்தவர். வலிகாமத்துக்காரர், நெற்றியில் திருநீறு, கையில் தோல் பை. ஆமிச் சென்றியில் மறித்ததால் பிந்தியதென்று மன்னிப்புக் கேட்டார். பிழை சொல்லக்கூடிய மனிதர் இல்லை. ஆனால் தன்னைவிட ஐந்தாறு வயது மூத்த இன்னாசித்தம்பியை முதல் வசனத்திலேயே 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்றார். கத்தரீனா தேத்தண்ணி கொண்டுவரவில்லை. தெருக்கடையில் வாங்கிய சோடாவை, மூடி திறக்காமல் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். கடற்கரை வீட்டுக் கோப்பையில் வாய் வைக்காத மனிதர்களுக்குச் சோடாப் போத்தல்தான் வசதி என்று ஊருக்குத் தெரியும். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று அவர்களே முந்திக்கொண்டார்கள். அவரும் நன்றாகச் சிரித்து வாங்கிக் குடித்தார்.

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். லத்தீன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "பரவாயில்லை, நல்ல கனமான புத்தகங்களெல்லாம் வைச்சிருக்கிறீர்," என்றார்.

"பிள்ளையள் விரும்பி வாசிக்குதுகள் ஐயா," என்றார் இன்னாசித்தம்பி.

மக்டலீன் முன்னுக்கு வந்தாள். குரல் எவ்வளவு இறங்கியதென்றால் முன்வரிசைப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஐயா, உது இரவல். அலுமாரியும் இரவல், கதிரையும் இரவல். மேலை கட்டியிருக்கிற வெள்ளையை ஒருக்கா விலத்திப் பாருங்கோ."

இன்னாசித்தம்பி வாய் விட்டுச் சிரித்தார். "எங்கடை செயலாளர் ஐயா. பிள்ளை நல்லாப் பகிடி விடும்."

பின்னால் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ஏனென்று தெரியாமல் பிள்ளைகள் சிரித்தார்கள். சிவசுப்பிரமணியமும் சிரித்தார். அவருடைய கண் மேலே வெள்ளைக்கு ஒருமுறை போய்வந்ததை மக்டலீன் கண்டாள். போய்வந்தது; அவ்வளவுதான். விலத்திப் பார்க்கவில்லை. பையைப் பூட்டிக்கொண்டு போனார்.

ஆவணியில் கடிதம் வந்தது. நிர்வாகக் கூட்டத்தில் அவள்தான் வாசித்தாள்: மேற்படி வாசிகசாலை போதிய தளபாடங்களும் நூல்களும் உடையதாய், வசதியுள்ள சமூகத்தவரால் நன்கு பராமரிக்கப்படுவதாய்க் காணப்பட்டமையால், இவ்வருட உதவிக்குத் தெரிவுசெய்யப்படவில்லை.

இன்னாசித்தம்பி மெதுவாக, "அதைத் திரும்ப வாசி," என்றார். வாசித்தாள். "நன்கு பராமரிக்கப்படுவதாய் எண்டே எழுதியிருக்கினம்?"

"ஓம்."

"கந்தோர்க் கடுதாசியிலையே?"

"ஓம்."

அவர் முகத்தில் வந்தது சந்தோசம். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாமோ என்று யாரோ ஒருவர் கேட்டதும் உண்மை. மக்டலீன் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் கதவைச் சாத்தவில்லை; சாத்தினால் இருக்கிற ஓடுகளும் விழும்.

அந்த வருடம் உதவி கிடைத்தது கொழும்புத்துறைக்கு. சிவசுப்பிரமணியம் போன அன்று அங்கே வாங்கில் ஒரு ஆடுதான் படுத்திருந்ததாம். கிழவர் அதை எழுப்பிவிட்டு அவரை இருக்கச் சொன்னாராம். அவர் இருக்காமல் நின்றபடியே எழுதிக்கொண்டு போனாராம். அந்தக் கதையைக் கேட்டுக் குருநகரே சிரித்தது. மக்டலீன் கடிதத்தோடு நிறுவனத்துக்குப் போனாள்.

"நீர் சொன்னதைப் பகிடியெண்டு உம்மடை தலைவரல்லோ சொன்னவர்," என்றார் சிவசுப்பிரமணியம். "தலைவர் சொல்லுறதைத்தானே நான் எழுதலாம்."

"இப்ப வாங்கோ ஐயா. இப்ப பாருங்கோ."

"வருசத்துக்கு ஒருக்காத்தான் பிள்ளை. அடுத்த முறை போடும். அடுத்த முறை உங்களுக்கை ஒரு முடிவுக்கு வந்துபோட்டுப் போடும்."

அதுவரை அவளுக்கு மாமன்மேல் மட்டும்தான் கோபம். படியால் இறங்கும்போது அது இரண்டாகியிருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் எத்தனையாகியது என்று அவளுக்கே தெரியாது. இல்லாதவனுக்குத் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்கள், இல்லாதவனைக் கூட்டத்துக்கு முன்னால் நின்று சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் மானம் போகிறது; சொல்லாவிட்டால் கூரை போகிறது. இரண்டில் எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கிற வேலையையும் இல்லாதவனிடமே விட்டுவிட்டு, சோடா குடிக்கிறார்கள்.

மாரி பிறந்தது. மேலே வெள்ளை இல்லை, வாடகைக் கதிரைகள் இல்லை. ஆண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பத்திரிகை வாசித்தார்கள். ஒரு காலை இன்னாசித்தம்பி உரத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது, ஈரமாகிய பத்திரிகை நடுவால் கிழிந்து இரண்டு கையிலும் வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தை மாதம் மக்டலீன் புதிய விண்ணப்பத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. ஒப்பமிட்டார். இம்முறை அவள் சங்கத்து முகவரியைக் கொடுத்திருந்தாள்.

எண்பத்தொன்பது வைகாசியில் கடிதம் அவள் கைக்கு வந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. குறித்த நாள் காலை போய், பத்திரிகை வாசித்தவர்கள் எழும்பிப் போகும்வரை காத்திருந்து, வாசிகசாலையைப் பூட்டி, வாசற்படியில் இருந்துகொண்டாள். ஆனால் குருநகரில் இரகசியம் ஒரு பகலுக்கு மேல் தாங்காது. கடிதத்தைக் கண்ட சங்கத்து மேற்பார்வை ஓவசியர் கத்தரீனாவிடம் சொல்லியிருந்தார். சிறிது நேரத்தில் ஒழுங்கை முனையில் கைவண்டில் திரும்பியது. அதே அலுமாரி. முன்னால் இன்னாசித்தம்பி.

"விலத்து பிள்ளை."

"விலத்தமாட்டன்."

"மனிசர் வர முந்தி உள்ளுக்கை வைக்கவேணும்."

"மாமா, போன வருசம் உந்த அலுமாரியாலை எங்கடை கூரை கொழும்புத்துறைக்குப் போனது. இந்த வருசம் எங்கை அனுப்பப் போறியள்?"

சூசைதாசன் வண்டிலைப் பிடித்தபடி, "அக்கா, மாஸ்டர் மூண்டு மணிக்குத் திருப்பிக் கேட்டவர். கெதியா ஒரு முடிவு சொல்லுங்கோ. எனக்குத் தோள் நோகுது," என்றான்.

"கொண்டு போய் அவரிட்டையே குடு," என்றாள் மக்டலீன்.

"எடியே, நான் தலைவர்," என்றார் இன்னாசித்தம்பி.

"தலைவரெண்டால் கூரையைக் கொண்டு வாங்கோ. அலுமாரியைக் கொண்டு வராதேங்கோ."

அவருடைய கை எழும்பியது. அடிப்பதற்கா, தள்ளுவதற்கா என்று அவருக்கும் தெரிந்திராது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அது இறங்கியது.

சிவசுப்பிரமணியம் வண்டிலையும் அலுமாரியையும் வாசலில் இருந்தவளையும் பார்த்தார். மக்டலீன் எழுந்து பூட்டைத் திறந்தாள். அவர் உள்ளே போய் வலையைப் பார்த்தார், பொங்கிய புத்தகங்களைப் பார்த்தார், ஓடில்லாத பக்கத்தால் விழுந்த வெயிலில் நின்று ஆகாயத்தைப் பார்த்தார். வெளியே வந்து பையைத் திறந்தார்.

"இப்ப எது உண்மை? போன வருசம் நான் எழுதினதோ, இதோ? இரண்டு அறிக்கையும் என்ரை கோவையிலை இருக்கும். மேலிடம் என்னைக் கேக்கும்."

"இதுதான் ஐயா," என்றாள் மக்டலீன்.

"நீர் சொன்னால் காணாது. தலைவர் சொல்லவேணும்."

இதற்குள் ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வலை பொத்தியவர்கள் ஊசியோடு வந்து நின்றார்கள். பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். இன்னாசித்தம்பி அலுமாரியின் பக்கத்தில் நின்றார். கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது. அதைப் பார்க்காமலிருக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லும்," என்றார் சிவசுப்பிரமணியம்.

"எங்களிட்டை..." என்றார் இன்னாசித்தம்பி. நின்றார். திரும்பவும் தொடங்கினார். "எங்களிட்டை ஒண்டும் இல்லை ஐயா. போன முறை வைச்சதெல்லாம் இரவல்."

"அதை எழுதி ஒப்பமும் போட்டுத் தாரும்."

ஒருவன் குனிய, அவன் முதுகில் தாளை வைத்து அவர் எழுதினார். எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வரும். முழு ஒழுங்கையும் அவர் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தது. ஒரு வருடமாக மக்டலீன் கேட்க விரும்பியது இந்த வசனத்தைத்தான். கேட்டபோது மாமனின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவள் சிவசுப்பிரமணியத்துக்குக் கிட்டப் போனாள். அவர் காதைச் சாய்க்க வேண்டியிருந்தது.

"ஐயா, போன வருசம் ஒரு புத்தகத்தை எடுத்துப் பாத்தனீங்கள். அது லத்தீன். குருநகர்ப் பிள்ளையள் லத்தீன் வாசிக்குதுகள் எண்டு நம்பினனீங்களோ?"

அவர் பைக்குள் எதையோ தேடினார்.

"நம்பேல்லை. மேலை வெள்ளையையும் பாத்தனீங்கள். நான் கண்டனான். கையை நீட்டி விலத்தியிருந்தால் இவர் இண்டைக்கு இதை எழுதத் தேவையில்லை. பத்து ஊருக்கு ஒரு ஊர்க் காசு. ஒரு ஊர் தானாக் கழண்டு போனால் உங்களுக்குச் சுகம். அதுதான் சிரிச்சனீங்கள். இனி இந்த மனிசனை 'நீர்' எண்டு சொல்லாதேங்கோ. உங்களுக்கு மூத்தவர்."

சிவசுப்பிரமணியத்தின் முகம் கறுத்தது. தாளை வாங்கி, காயுமுன்னே மடித்துப் பைக்குள் வைத்தார். மோட்டார் சைக்கிளை இரண்டு தரம் உதைத்துத்தான் கிளப்ப முடிந்தது.

அவர் போனதும் இன்னாசித்தம்பி அவள் பக்கம் திரும்பினார். "எனக்காகக் கதைக்கச் சொல்லி உன்னை ஆர் கேட்டது? என்னைச் சொல்லவும் வைச்சாய், காசையும் கெடுத்தாய்." அன்றிரவு தாய் சோறு போட்டுவிட்டு எவ்வளவு கூப்பிட்டும் அவள் எழும்பவில்லை.

ஆவணி நடுவில் பெட்டிகள் வந்தன. பிள்ளைகளுக்கான புத்தகங்கள், இரண்டு இரும்புத் தட்டு. கூடவே கடிதம்: கூரை திருத்தும் வேலை, அடுத்த வருட விண்ணப்பத்தில் கவனிக்கப்படும். பணம் தீர்ந்துவிட்டதா, அல்லது ஒழுங்கையில் அவள் கதைத்ததற்குரிய விலை அந்தக் கூரையா என்று அவள் நாள்முழுவதும் யோசித்தாள். கேட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. பெட்டிகளை உடைத்து, ஓடு மிஞ்சியிருந்த பக்கத்தில் தட்டுகளை நெருக்கி வைத்து அடுக்கினாள். பிள்ளைகள் ஒன்றன்மேலொன்றாக விழுந்து எடுத்தார்கள். புதுப் புத்தக மணம் வந்தது. அப்போதும் அவளுக்குக் கோபம் தணியவில்லை.

அந்த மூன்று மாதமும் வாசிகசாலைப் பக்கம் வராத இன்னாசித்தம்பி, அன்று பின்னேரம் வாசலில் வந்து நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"கூரைக்குத் தரேல்லையாம்."

"இல்லை. அடுத்த வருசம் திரும்பக் கேக்க வேணும்."

"அவனிட்டையோ?"

"அவரிட்டைத்தான்."

"திரும்பவும் நான் சொல்ல வேணுமோ? ஒண்டும் இல்லையெண்டு?"

மக்டலீன் கையிலிருந்த புத்தகத்தைத் தட்டில் வைத்தாள். இல்லையென்று சொல்லியிருக்கலாம். அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"ஓம் மாமா," என்றாள். "நீங்கள்தான் தலைவர். எனக்கும் கேக்க ஆசையில்லை. ஆனால் சொல்லத்தான் வேணும்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு சிறுமி புத்தகத்தை விரித்தபடி வெயில் விழுகிற பக்கத்துக்கு நகர்ந்து போயிருந்தாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருந்தது.

"மழை வந்தால் அதுகும் நனையும்," என்றார்.

"நனையும்."

"நாசமாப் போவான்," என்றார். யாரை என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, உள்ளே வந்து, சிறுமியின் தோளைப் பிடித்து ஓடுள்ள பக்கத்துக்கு நகர்த்தினார்.